மைனஸ் பாய்க்குக் குளிர் பழக்கிய கதை

கப்பலூரில் ஒரு ஐஸ் பேக்டரி. அதை ஒட்டினாற்போல் நான்கு அறை கொண்ட குளிர்பதனக் கிடங்கு. திருமங்கலத்தில் மாடி வீடு. இரண்டு மகள்களுக்கும் காலேஜ் படிப்பு. இவையெல்லாம் நான் கட்டியவை. கூட நின்று ஒரு செங்கல் எடுத்துக் கொடுத்தவர் கிடையாது. டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே கரிசலில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சைக்கிள் கேரியரில் உமி போட்டுச் சாக்கைச் சுற்றி ஊர் ஊராக ஐஸ் கட்டி விற்றவன் நான். முதல் கம்ப்ரசரைத் தூத்துக்குடியில் பழசாக வாங்கி லாரியில் ஏற்றி வந்தபோது, இது ஓடாது என்று மூன்று இஞ்சினியர்கள் சொன்னார்கள். மூன்று பேரும் ரிட்டயர் ஆகிவிட்டார்கள். கம்ப்ரசர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான். ஆனால் முக்கியமாக, இந்த ஊரில் குளிரைப் பற்றிப் பேச யாருக்காவது யோக்கியதை உண்டென்றால் அது எனக்குத்தான் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த யோக்கியதையோடு சொல்கிறேன்: மதுரைச் சீமையில் குளிருக்காக ஏங்கி, குளிரைத் தேடிப் போய், சம்பந்தம் பேசுகிற மாதிரி அதோடு பழகிப் பார்த்த ஒரே மனிதர் மைனஸ் பாய்தான். அவருக்கு முன்னால் அப்படி ஒருவர் இருந்ததில்லை. இனிமேல் இருந்தால் அவருக்கும் என் கிடங்குதான் கதி.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லிக் கோரிப்பாளையத்தில் விசாரித்தால் யாரும் வழி காட்ட மாட்டார்கள். பைக்குக்கு சீட் கவர் தைக்கிற கடை. முப்பத்தைந்து வருடமாக ஒரே கடை, ஒரே தையல் மிஷின், ஒரே ஸ்டூல். பங்குனி வெயிலில் மூன்று மணி நேரம் நிறுத்தி வைத்த வண்டியில் ஏறி உட்கார்ந்து நீங்கள் துள்ளிக் குதிக்கவில்லை என்றால், அந்த உறை பாய் தைத்தது என்று அர்த்தம்.

எல்லாம் ஒரு பட்டாளத்துக்காரரால் வந்தது. லீவில் வந்தவர் புல்லட்டுக்கு உறை தைக்கக் கொடுத்துவிட்டு, காத்திருந்த நேரத்தில் போனில் ஒரு படம் காட்டியிருக்கிறார். இமயமலையில் ஸ்பிட்டி பக்கத்தில் ஏதோ ஒரு கிராமம். பெயர் என் வாயில் நுழையாது. வீடு, மரம், ரோடு எல்லாம் வெள்ளை. ராத்திரி மைனஸ் இருபத்தைந்து என்றிருக்கிறார். அன்றைக்குப் பிடித்தது பாய்க்கு. அப்புறம் கடைக்கு யார் போனாலும் முதலில் அந்த ஊர் நிலவரம்தான்.

"பாய், உறை எப்ப ரெடியாகும்?"

"இன்னைக்கு அங்க மைனஸ் இருவது தம்பி."

"நம்ம உறைய கேட்டேன் பாய்."

"நேத்து மைனஸ் பதினேழுதான். ராவுல காத்து அடிச்சிருக்கு."

இப்படித்தான் பெயர் வந்தது.

என் ஸ்கூட்டருக்கு உறை தைக்கப் போன அன்று, என்ன தொழில் அண்ணே என்று கேட்டார். ஐஸ் பேக்டரி, கோல்டு ஸ்டோரேஜ் என்று சொன்னேன். கையில் இருந்த கத்திரியைக் கீழே வைத்தார்.

"அண்ணே, ஒங்ககிட்ட எம்புட்டு மைனஸ் இருக்கு?"

என்னிடம் பலர் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். மைனஸ் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

"நாலு ரூம் இருக்கு பாய். மொளகா வத்தல் ரூம் எட்டு டிகிரி. புளி ரூம் நாலு. கேரட்டு ரூம் ரெண்டு. ஐஸ்கிரீம் ரூம் மைனஸ் பதினெட்டு."

பாய் கண்ணை மூடிக்கொண்டார். பிரியாணி அண்டாவைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் அப்படி மூடுவார்கள்.

"நான் வந்து இருந்து பழகிக்கிறவா?"

"பழகி?"

"தை மாசம் அந்த ஊருக்குப் போறேன் அண்ணே. தனியா. நானே தச்ச பையில, வெட்ட வெளியில ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சு வாரேன்."

ஏன் பாய் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணே, வெளியூருன்னு நான் போனதெல்லாம் யாரு கல்யாணத்துக்காவது, யாரு மவுத்துக்காவது, யாரு ஆஸ்பத்திரிக்காவது. எனக்குன்னு ஒரு ஊருக்குப் போனதில்ல. அந்த ஊருல எனக்கு யாரும் இல்ல, ஒரு சோலியும் இல்ல. அதான் போகணும்."

நானும் அப்படித்தான். கம்ப்ரசர் வாங்கப் போன ஊர், மோட்டார் வாங்கப் போன ஊர் என்றுதான் எனக்கு ஊர்களைத் தெரியும். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

முதலில் வத்தல் அறை. ஸ்வெட்டர் போட்டு ஒரு மூட்டை மேல் உட்கார வைத்தேன். ஐந்து நிமிடத்தில் உள்ளேயிருந்து தும்மல். எங்கள் கம்ப்ரசர் ஆபரேட்டர் பாண்டி கதவுக்கு வெளியே நின்று எண்ணினான். நாற்பத்தொன்றில் எண்ணுவதை விட்டுவிட்டுப் போய்க் கதவைத் திறந்தான். பாய் கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே வந்து சொன்னார்: "குளிரு பழகிருச்சு அண்ணே. வத்தல்தான் பழகல."

புளி அறைக்கு ஏற்றினேன். அங்கே மூட்டைக்கு மேல் படுத்துத் தூங்கியே விட்டார். கேரட் அறையில் ஒரு வாரம். ஒண்ணாப்பு, ரெண்டாப்பு என்று ஏற்றிவிடுகிற மாதிரி ஒவ்வொரு அறையாக ஏற்றினேன். நான் பள்ளிக்கூடத்தில் படிக்காத படிப்பை அவர் என் கிடங்கில் படித்தார். வாத்தியார் நான்.

இதற்கு நடுவில் மற்ற பயிற்சிகளும் நடந்தன. மலை ஏறவேண்டும், முதுகில் பாரம் சுமக்கவேண்டும் என்று பட்டாளத்துக்காரர் போனில் சொல்லியிருக்கிறார். பாரத்துக்கு எங்கே போவது? கடையில் ரிப்பேராகிக் கிடந்த பழைய தையல் மிஷினின் தலையைக் கழற்றி, ரெக்சின் பையில் போட்டு முதுகில் கட்டிக்கொண்டு நாகமலை ஏறினார். இறங்கும்போது அடிவாரத்தில் ஒரு போலீஸ்காரர் நிறுத்திவிட்டார்.

"பையில என்ன?"

"தையல் மிஷின் சார்."

"மலைக்கு மேல யாருக்குத் தச்சிட்டு வர்ற?"

"யாருக்கும் தைக்கல சார். குளிருக்குப் பழகுறேன்."

அப்போது வெயில் நாற்பது டிகிரி. போலீஸ்காரர் பாயின் வாயை முகர்ந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டார். என் மிஷின், என் ஆள், என் குளிர் என்று மூன்றுக்கும் நான் ஜாமீன் நின்றேன். இதுவும் என் பங்கில் சேரும்.

அடுத்தது கையுறை. பனியில் கையுறையைக் கழற்றாமல் எல்லா வேலையும் செய்யத் தெரிய வேண்டுமாம். அதனால் ஆடி மாதம் முழுவதும் கம்பளிக் கையுறையோடுதான் நடமாடினார். அதோடு ஊசியில் நூல் கோர்த்தார். முதல் நாள் ஒன்றரை மணி நேரம் ஆனது. மாதக் கடைசியில் நாலு நிமிடம். டீக்கடையில் மட்டும் கொஞ்சம் கஷ்டம். கண்ணாடி கிளாஸ் வழுக்கிவிடும். டீ மாஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பாய், இது அஞ்சாவது கிளாசு. நாளையிலருந்து ஒங்களுக்கு எவர்சில்வர் டம்ளர்தான்" என்றார். சீட் கவர் கடைக்காரர்கள் எல்லாரும் வரிசையாக நின்று சிரித்தார்கள். பாய் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு, "இதுதான் நல்லது. பனியில கண்ணாடி ஆகாது" என்று சொல்லிப் போனார். சிரிக்கிறவர்களோடு சேர்ந்து சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார்.

ஒருநாள் அவர் வீட்டம்மா ஜுலைகா கப்பலூருக்கே வந்துவிட்டார். எனக்குத் தங்கை முறை வைத்துத்தான் பழக்கம். ஆபீசுக்குள் வந்து உட்காராமல் நின்றார்.

"அண்ணே, இந்த மனுசனுக்குக் குளிரு ஏத்திவிடுறது நீங்கதானா?"

"உக்காரும்மா."

"உக்காரல. மகன் துபாய்ல இருக்கான். மகளக் கட்டிக் குடுத்தாச்சு. எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு மனுசன். பனியில போயி வெறச்சுப் போனாருன்னா யாரு தூக்கிட்டு வருவா?"

பாய் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் போயிருக்க மாட்டார். அது ஜுலைகாவுக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் என் சுவரில் இருந்த தெர்மாமீட்டர் படத்தையே பார்த்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு ஷிப்டு. காலைல ஒம்பதுலருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். அந்த ஐஸ்கிரீம் ரூமுல அவரு தச்ச பையில படுத்துக் கெடக்கணும். அஞ்சு மணிக்கு அவராவே நடந்து வெளிய வரணும். வந்துட்டா போகட்டும். வரலேன்னா இந்தப் பேச்ச அத்தோட விட்டுறணும்."

பாய் நிமிர்ந்து பார்த்தார். "சரி" என்றார்.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. மைனஸ் அறைக்குள் ஒருவர் போனால் கதவுக்கு வெளியே ஒருவர் நிற்க வேண்டும். அவருக்கு வெளியாள் என்று பெயர். உள்ளே போனவர் திரும்பி வரும்வரை வெளியாள் டீக்குப் போகக்கூடாது. போன் பேசக்கூடாது. முதலாளி கூப்பிட்டாலும் நகரக்கூடாது. அரைமணிக்கு ஒருதரம் கதவை ஒரு தட்டு தட்ட வேண்டும், உள்ளேயிருந்து இரண்டு தட்டு வரவேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டது நான். இதுவரை என் கிடங்கில் ஒரு விரல்கூடப் போனதில்லை.

யார் வெளியாள் என்று பாண்டி கேட்டான். "நான்தான்" என்றார் ஜுலைகா.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. பாய் தன் மொபெட்டில் வந்து இறங்கினார். அந்தக் காட்சியைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். உள்ளே இரண்டு ஸ்வெட்டர், மேலே அவரே தைத்த ரெக்சின் கோட்டு, தலையில் குரங்குக் குல்லா, கையுறை, மூன்று ஜோடி சாக்ஸ். கோரிப்பாளையத்தில் வீட்டிலேயே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, காலை வெயிலில் கப்பலூர் வரை வந்திருக்கிறார். வழியில் பெட்ரோல் பங்கில் ஒருவர் காய்ச்சல் மாத்திரை கொடுத்தாராம். நாளைக்கு உதவும் என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

பின்னால் ஜுலைகா. மடியில் பை. பை என்றால் படுக்கிற பை. மெரூன் கலர் ரெக்சின், ஓரத்தில் வெள்ளை பைப்பிங், உள்ளே ஸ்பாஞ்சு. புல்லட் சீட்டுக்குள் ஒரு மனிதர் படுக்க முடியும் என்றால் அது அப்படித்தான் இருக்கும். அவ்வளவு அழகான வேலை. முப்பத்தைந்து வருட அனுபவமும் அதில் இருந்தது.

"பாய், வேர்த்து ஊத்துது. கழட்டித் தொடச்சிட்டுப் போங்க" என்றேன்.

"கழட்டுனா சேத்து வச்ச சூடு போயிரும் அண்ணே."

போனார். ஜுலைகா கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு, கைப்பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அரை மணிக்கு ஒரு தட்டு. உள்ளேயிருந்து இரண்டு. நாற்பது நிமிடம் ஆனது. உள்ளே டப் என்று ஒரு சத்தம். அப்புறம் டப் டப் டப் என்று அப்பளக் கட்டின் மேல் உட்கார்ந்த மாதிரி. உடனே, உள்ளே மாட்டுகிறவர்கள் அடிப்பதற்காக வைத்த அபாய மணி அடித்தது.

ஜுலைகா கதவை இழுத்துத் திறந்தார். பாய் நடுங்கிக்கொண்டு வெளியே வந்தார். வியர்வை நனைத்த ஸ்வெட்டர் உடம்போடு விறைத்து நின்றது. ஆனால் அவர் அதைக் கவனிக்கவில்லை. கையில் பையைப் பிடித்திருந்தார். ரெக்சின் நெடுக வெடித்து, துண்டு துண்டாகத் தொங்கியது. குளிரில் ரெக்சின் நொறுங்கும் என்று எனக்கும் தெரியாது. ஐஸ்காரனுக்கு ரெக்சினோடு என்ன வேலை?

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் தாங்கிட்டேன் ஜுலைகா. ரெக்சின் தாங்கல. முப்பத்தஞ்சு வருசமா நம்புனேன்."

நிபந்தனைப்படி கதை அங்கேயே முடிந்தது. ஜுலைகா விரும்பியதும் அதுதான். அவர் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துணிதான் விட்டிருக்கு. ஒரு எடத்துலயாவது தையல் விட்டிருக்கா பாருங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, இது சேத்தியில்ல. இன்னொரு தடவ" என்றார்.

நான் வேறு பக்கம் திரும்பி கம்ப்ரசர் மீட்டரைப் பார்த்தேன். மீட்டரில் பார்க்க ஒன்றும் இல்லை.

அடுத்த இரண்டு மாதம்தான் என் உண்மையான பங்கு. பாயை உட்கார வைத்துச் சொன்னேன். "பாய், சைக்கிள்ல ஐஸ் வித்தப்ப வெயில் உள்ள போகாம எப்படிக் காப்பாத்துனேன்? உமி போட்டேன். உமிக்கு நடுவுல என்ன இருக்கு? காத்து. அசையாத காத்து. அதுதான் வெயில உள்ள விடாது. ஒங்களுக்கும் அதுதான். ஒங்க உடம்புச் சூட்ட வெளிய விடாம அசையாத காத்து வேணும். ஈரமும் இருக்கக்கூடாது. ஈரச் சாக்கு சுத்துன அன்னைக்கெல்லாம் எனக்குப் பாதி கட்டி கரஞ்சு போகும். அம்புட்டுத்தான் குளிரு."

அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். பிறகு பட்டாளத்துக்காரரிடமிருந்து ஒரு பழைய படுக்கைப் பையை வரவழைத்து, அதை ஒவ்வொரு தையலாகப் பிரித்துப் பார்த்தார். உசிலம்பட்டியிலிருந்து இலவம்பஞ்சு வந்தது. மேல்துணிக்குக் குடைத்துணி. தையல் விழுகிற இடத்தில் பஞ்சு அமுங்கிப் போகும், அந்த வரி வழியாகத்தான் குளிர் நுழையும் என்று கண்டுபிடித்தார். அதனால் இரண்டு மெத்தை தைத்து, ஒன்றின் தையல் வரி மற்றதின் நடுவில் விழுகிற மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து இணைத்தார். இந்த யோசனை அவருடையதுதான் என்று ஒத்துக்கொள்கிறேன். உமி என்னுடையது.

தீபாவளி கழிந்து இரண்டாவது பரீட்சை. இந்த முறை இமயமலைக்குப் போகிற மனிதர் பனியனும் லுங்கியுமாக வந்து இறங்கினார். என் ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் நிற்கவைத்து, வியர்வை காய்ந்த பிறகு, அறை வாசலில் வைத்துத்தான் ஒவ்வொன்றாக உடுத்த விட்டேன். பாண்டி மாப்பிள்ளை அலங்காரம் மாதிரி குல்லாவை எடுத்துக் கொடுத்தான்.

ஒன்பது மணிக்குக் கதவு மூடியது. தட்டினால் பதில் வந்தது. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. உள்ளே பேரீச்சம்பழமும் கடலைமிட்டாயும் கொடுத்திருந்தோம். வெளியே ஜுலைகா டிபன் கேரியரைத் திறக்கவே இல்லை. சாப்பிடும்மா என்றால், "வெளியாள் நகரக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்றார். சாப்பிடக்கூடாது என்று நான் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு ஒரு தட்டு. பதில் இல்லை. இன்னொரு தட்டு. இல்லை.

ஜுலைகா கதவைத் திறந்தார். நாங்கள் எல்லாரும் பின்னால் எட்டிப் பார்த்தோம். ஐஸ்கிரீம் பெட்டிகளுக்கு நடுவில் நீலக் குடைத்துணி மூட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து குறட்டை. சீரான, நிதானமான, வயிறு நிறைந்த குறட்டை. ஜுலைகா காது கொடுத்துக் கேட்டார்.

"வீட்டுல போடுற அதே கொறட்டதான்" என்றார். "கெடக்கட்டும். இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு." கதவை மூடிவிட்டார்.

ஐந்து மணிக்கு பாய் நடந்து வந்தார். தாடி வெள்ளையாக உறைந்திருந்தது. ஜுலைகா முந்தானையால் அதைத் துடைத்துவிட்டார்.

"குளிருதான் இங்கனயே பாத்தாச்சுல்ல. அப்புறம் என்னத்துக்கு அம்புட்டுத் தூரம்?"

"இது அண்ணன் கரண்டுல செஞ்ச குளிரு புள்ள. நான் ஆண்டவன் செஞ்சதப் பாக்கணும்."

ஜுலைகா கொஞ்சம் யோசித்தார். "போய்ட்டு வாங்க" என்றார்.

பொங்கல் முடிந்து ரயில் ஏறினார். ஏறும் முன் என்னிடம் ஒரு தாள் கொடுத்தார். எந்தக் கிழமை எந்த ஊர், எந்த பஸ், யார் வீட்டில் தங்கல் எல்லாம் கோடு போட்டு எழுதியிருந்தார். புதன்கிழமை ராத்திரி வெளியில் படுக்கை. வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்குள் போன் செய்வேன். செய்யாவிட்டால் வெள்ளி மதியம் பன்னிரண்டு வரை பதற வேண்டாம். பன்னிரண்டு தாண்டினால் கீழே உள்ள நம்பருக்குச் சொல்லுங்கள், ஆள் அனுப்புவார்கள்.

"வீட்டுல குடுக்கலாமே பாய்."

"வீட்டுல குடுத்தா திங்கக்கெழமையே பதறும். நீங்க இருங்க அண்ணே வெளியாளா."

வியாழன் ஐந்து மணி வந்தது. போன் வரவில்லை. ஆறு மணிக்கும் இல்லை. நான் செய்து பார்த்தால் இந்தியில் ஒரு பெண் ஏதோ சொன்னாள். அன்றைய ராத்திரியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு நான் கிடங்குக்குப் போனபோது, மைனஸ் அறைக் கதவுக்கு வெளியே ஜுலைகா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வியாழன் போன் வரும் என்பது மட்டும் அவருக்கும் தெரியும். கோரிப்பாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். மடியில் டிபன் கேரியர், கை கைப்பிடியில்.

"இங்க என்னம்மா பண்ற? ஆபீசுல ஃபேனுக்குக் கீழ உக்காரு."

"இல்லண்ணே. வீட்டுல இருந்தா அவரு எங்கயோ இருக்கற மாதிரி இருக்கு. இங்கன உக்காந்தா இந்தா, இதுக்குள்ள இருக்கற மாதிரி இருக்கு."

நான் ஆபீசில் போய் உட்கார்ந்தேன். எழுந்தேன். ஐஸ் தொட்டியைப் பார்த்தேன். திட்டத் தேவையில்லாத ஒரு ஆளைத் திட்டினேன். பன்னிரண்டுக்கு ஒரு மணி நேரம் இருந்தபோது, கதவருகே போய்ப் போனை ஜுலைகாவிடம் கொடுத்தேன்.

"நான் உள்ள போறேன். நீ வெளிய இரு."

"எதுக்குண்ணே?"

பாண்டி ஓடிவந்து கோட்டை மாட்டிவிட்டான். எழுபத்திரண்டு வயது முதலாளியைத் தடுக்க அவனுக்குத் தைரியமில்லை.

அந்த அறையைக் கட்டியவன் நான். ஒவ்வொரு பலகையும் என் கண் முன் ஏறியது. ஆனால் கதவை மூடிவிட்டு அதற்குள் நின்று நான் பார்த்ததே இல்லை. திறப்பேன், எட்டிப் பார்ப்பேன், திட்டுவேன், மூடுவேன். அவ்வளவுதான். அன்றைக்குத்தான் நின்றேன். மூக்குக்குள் முடி விறைத்தது. காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். எனக்கு மைனஸ் பதினெட்டு. அவருக்கு இன்னும் ஏழு கூட. எனக்குச் சுவர் இருந்தது, கதவு இருந்தது, கதவுக்கு வெளியே தங்கச்சி இருந்தாள். அவருக்கு அங்கே என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கதவில் ஒரு தட்டு விழுந்தது. இரண்டு தட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒரு தட்டு. இரண்டு தட்டினேன். அரை மணிக்கு ஒருதரம் என்பதெல்லாம் ஜுலைகாவுக்கு மறந்துவிட்டது. இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் தட்டிக்கொண்டிருந்தார். நானும் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் தட்டு நிற்காமல் விழுந்தது. கதவு திறந்தது. ஜுலைகா கையில் என் போன் அடித்துக்கொண்டிருந்தது. மணி பதினொன்று நாற்பது.

விரல் விறைத்து என்னால் அமுக்க முடியவில்லை. பாண்டிதான் ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே. நாந்தான். கரண்டு இல்ல, டவரு இல்ல அண்ணே, ரெண்டு நாளா பனி. நல்லா இருக்கேன். படுத்து எந்திரிச்சிட்டேன். பை கிண்ணுன்னு இருக்கு."

நான் பதிலுக்குப் போனில் இரண்டு தட்டு தட்டினேன். குளிர்தான் காரணம் என்று அன்றைக்குச் சொன்னேன். ஜுலைகா போனை வாய்க்கு நேரே பிடித்தார்.

"கால் விரலு பத்தும் இருக்கா?"

"இருக்கு புள்ள."

"எண்ணிச் சொல்லுங்க."

"இருக்குங்கறேன்ல."

"சாக்ஸக் கழட்டி எண்ணுங்க. நான் கேக்கணும்."

அந்தப் பக்கம் ஏதோ உரசுகிற சத்தம். யாரோ சிரித்தார்கள், அந்த வீட்டுக்காரர்களாக இருக்கும். பிறகு பாய் எண்ண ஆரம்பித்தார். ஒண்ணு. ரெண்டு. மூணு. கப்பலூரில் பதினேழு பேர் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்று கேட்டோம். ஏழில் லைன் கரகரத்தது. எட்டு. ஒம்பது. பத்து. பத்து சொன்னதும் ஜுலைகா நாற்காலியில் உட்கார்ந்து, டிபன் கேரியரைத் திறந்து, எனக்கு முதலில் வைத்தார். இடியாப்பமும் கறிக்குழம்பும். ஆறிப் போயிருந்தது. அதைவிட நல்ல சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை.

இனி என் வழக்குக்கு வருகிறேன். பாய் ஊர் திரும்பிய அன்று கோரிப்பாளையம் முக்கில் சீட் கவர் கடைக்காரர்கள் சேர்ந்து பதினாறு அடிக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். நடுவில் பாய், சுற்றிலும் பனிமலை. "தன்னந்தனியாகப் பனியை வென்று திரும்பும் எங்கள் மைனஸ் பாயே, வருக." கீழே இருபத்திரண்டு முகம். டீக்கடையில் வரிசையாக நின்று சிரித்த அத்தனை பேரும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். வத்தல் அறை திறந்துவிட்டவன் இல்லை. உமி சொன்னவன் இல்லை. போலீசுக்கு ஜாமீன் சொன்னவன் இல்லை. பாயிடம் கேட்டால், "அவங்களா வச்சதுண்ணே, நான் பாக்கக்கூட இல்ல" என்று நெளிகிறார்.

வருகிற தையில் பாய் மறுபடியும் போகிறார். இந்த முறை இன்னும் மேலே. மறுபடியும் ஃபிளெக்ஸ் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் இதை இப்போதே பத்திரிகையில் எழுதிப் பதிவு செய்கிறேன். தன்னந்தனியாக என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். அது பொய். ஜுலைகா தன் படம் வேண்டாம், பெயர் போதும் என்று சொல்லிவிட்டார். பெயரைப் பெரிதாகப் போட வேண்டும். என் படம் கட்டாயம் வேண்டும். சின்னதாக இருந்தாலும் சரிதான். ஆனால் கீழ் வரிசையில் இருபத்து மூன்றாவதாக வேண்டாம். பாய்க்குப் பக்கத்திலேயே, அவர் தோளை நான் தொடுகிற மாதிரி போட வேண்டும்.